காயத்தை மூடத் தெரிந்தவர்

பதுளைக் கடைவீதியில் ரோட்டுக்குத் தார் காய்ச்சுகிறார்கள். நான்கு நாளாக. பீப்பாய்க்கு அடியில் விறகு எரிகிறது, உள்ளே கறுப்பு கொதிக்கிறது. அந்த வாடை கடைகளுக்குள் புகுந்து, புடவைக் கட்டுகளில் ஏறி, குடிக்கிற தேத்தண்ணீரிலும் இறங்கிவிட்டது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். நான் நின்றுவிடுகிறேன். கையில் குடையோடு, எதற்குப் புறப்பட்டேன் என்பது மறந்து, நடு ரோட்டில்.

"ஒதுங்குங்கய்யா, மேல தெறிக்கும்" என்கிறான் தார்ச்சட்டிக்காரன்.

தெறிக்கட்டும். என் மேல் அது தெறித்து இருபது வருடம் இருக்கும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தோட்டத்துப் பேரேட்டில் இருந்தது. ஒரு காலையில் நானே அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறேன். இங்கே எழுத மாட்டேன். அவர் வெளியே சொல்லாதே என்ற ஒன்றைச் சொல்லப் போகிறேன். பெயரையாவது விட்டுவைக்கிறேன்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே, நமுனுகுல மலை தன் முகிலை இறக்கி வைக்கிற சரிவில் ஒரு தோட்டம். அங்கே மருந்தறையில் கட்டுப் போடுகிற வேலை எனக்கு. வயது இருபத்து மூன்று. பெரிய மருந்தையா கிழமையில் மூன்று நாள் குதிரையேறி வேறு தோட்டங்களுக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் வெட்டு, புண், அட்டைக்கடி எல்லாம் என் பாடு. லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருந்த ஆட்கள் என்னை 'மருந்துத் தம்பி' என்று கூப்பிட்டார்கள். அவரும்தான்.

அவர் கவ்வாத்துக்காரர். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்க வேண்டும். அதுதான் கவ்வாத்து. கிழட்டுச் செடியென்றால் கட்டைவிரல் பருமனுக்கு, சில நேரம் மணிக்கட்டுப் பருமனுக்கு வெட்டு விழும். அந்த வெட்டுவாயில் பூச்சியும் மழைத் தண்ணீரும் இறங்காமலிருக்க உடனே தார் பூசுவார்கள். ஆண்கள் கத்தியோடு முன்னே போவார்கள், பெண்கள் தார் வாளியும் தூரிகைக் கட்டையும் கொண்டு பின்னால் வருவார்கள். அதுதான் முறை. இவர் மட்டும் தன் நிரைக்குள் யாரையும் விட மாட்டார். தோளில் ஒரு தகரக்குவளை தொங்கும். தானே வெட்டுவார், தானே குனிவார், தானே பூசுவார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒவ்வொரு குனிவு.

"வெட்டுறியா, பொட்டு வைக்கிறியா?" என்று கங்காணி மேலேயிருந்து கத்துவார். "பக்கத்து நிரை மேட்டுக்கு ஏறிருச்சுடா!"

"மூடாம போனா செடி என்னையவே பாக்குதுங்க" என்பார் இவர், நிமிராமல்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர் நிரையில் ஒரு செடி பட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை.

செடி மட்டுமா? எதையும் திறந்தபடி விட அவரால் ஆகாது. அடுத்த வீட்டுத் தண்ணீர்ப்பானை திறந்திருந்தால் போகிற போக்கில் தட்டை எடுத்து மூடுவார். பாதையில் செத்த குருவி கிடந்தால் ஒரு சேம்பிலை பறித்துப் போர்த்துவார். மழையில் வழுக்கி விழுந்த ஒருத்தனின் முழங்காலை நான் பார்ப்பதற்குள், ஏதோ இலையைக் கசக்கி வைத்துத் துணி சுற்றிவிட்டார். நான் அவிழ்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "காத்து பட்டா கெட்டுரும் தம்பி."

"அழுக்க வச்சுக் கட்டுனாதான் கெடும்ணே."

"நீங்க தெறந்து பாக்கறவரு. நா மூடறவன். விடுங்க."

எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்குள் ஒரு பிரியமும் இருந்தது, அப்போது தெரியவில்லை.

அவருடைய மனைவியை நான் பார்த்ததில்லை. நான் அந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே போய்விட்டாள். கேட்டதெல்லாம் லயத்தில் அவருக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இருந்த அக்கா சொன்னது. அந்த அக்காவுக்குக் கொழுந்து கிள்ளுகிற விரலைவிட நாக்கு வேகம். ஆனால் இதைச் சொன்னபோது மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"காய்ச்சல்னு படுத்தா தம்பி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு பயம் இந்த மனுசனுக்கு. கம்பளியப் போட்டு மூடி, முன்னால வெறகுக் கட்ட அடுக்கி மறைச்சு வச்சுட்டு, 'ஹப்புத்தளையில சின்னம்மா வீட்டுக்குப் போயிட்டா'ன்னு கங்காணிகிட்ட சொல்லிட்டாரு. நடுவுல ஒரு செவுருதான. அவ மொனகறது எனக்குக் கேக்குது. நானும் சொல்லல."

"ஏன்க்கா சொல்லல?"

"எங்களுக்கு அப்ப ஆஸ்பத்திரின்னா போற எடம். வர்ற எடமில்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலாம் நாளு அவரே வெறக எடுத்துப் போட்டுட்டு வெளிய வந்தாரு. நாங்க உள்ள போனோம்."

மனைவி போன பிறகு மிச்சமிருந்தது நாய். பசறைச் சந்தைக்குப் போனவள் தன் கொழுந்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி. செம்மண் நிறம். செவலை என்று கூப்பிட்டார்கள். அவரோடு மலைக்குப் போகும், அவர் நிரை முடிகிற இடத்தில் படுத்திருக்கும், சோற்றில் பாதி அதற்கு. கொஞ்சி நான் கண்டதில்லை. "ஏ புள்ள" என்பார், அவ்வளவுதான். அவர் குரலில் ஈரம் இருக்கிறது என்று அந்த இரண்டு சொல்லில்தான் தெரியும்.

அந்த வருடக் கவ்வாத்தில் செவலை ஒரு முயலைக் கண்டு பாய்ந்தது. வெட்டிய செடியில் நிற்கிற கட்டை சாய்வாக, எழுதுகோல் முனைபோல் கூராக நிற்கும். அது முன்னங்காலில், விரல்களுக்கு நடுவே சதையில் இறங்கிவிட்டது. அவர் நிரையில். அவர் வெட்டிய செடியில்.

அவர் என்ன செய்திருப்பார்? இருபது வருடமாக எதைச் செய்து செடிகளைக் காப்பாற்றினாரோ அதையே செய்தார். சிராயைப் பிடுங்கினார். தார் பூசினார். மேலே கந்தல் சுற்றினார்.

எனக்கு ஐந்தாம் நாள்தான் தெரியும். அவர் வாசலைக் கடந்தபோது தார் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை. நாய் படுத்திருந்தது. கால் மூங்கில் முளைபோல் வீங்கி மினுங்கியது. சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, தார் மரத்துக்கு. இது சதை."

"மரத்துக்குள்ளயும் ஈரந்தான தம்பி ஓடுது?"

"உள்ள சீழ் கட்டிருச்சு. தெறக்கலன்னா காலு போயிரும். காலோட நிக்காது, நாயே போயிரும்."

"தெறந்தா?"

"பொழைக்கலாம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். விறகு அடுக்கியிருந்த மூலையை. பிறகு, "ஞாயித்துக்கெழம வாங்க" என்றார்.

அந்த வாரம்தான் இன்னொன்றும் நடந்தது. பசறைப் பக்கம் ஒரு வெறிநாய் ஆட்களைக் கடித்திருந்தது. காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற இடத்தில், கங்காணி தோட்டத்துத் தொரையின் உத்தரவைச் சொன்னார். "மனுசனக் கடிச்ச நாய் எதுவானாலும் அன்னைக்கே சுட்டுரணும். வெறியா இல்லையான்னு பாக்கற வேலையே கெடையாது. யாரு நாயா இருந்தாலும் சரி. தொரையோட நாயத் தவிர."

கடைசி வார்த்தைக்குப் பின்வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்து என்ன?

ஞாயிறு மத்தியானம். வெயில் லயத்து வாசலில் விழுந்திருந்தது. உப்புப் போட்டு வெதுவெதுப்பாகத் தண்ணீர் காய்ச்சச் சொன்னேன். தேங்காய் எண்ணெயைத் தடவித் தடவித் தாரை இளக்கினேன். கறுப்புத் தோல்போல் உரிந்து வந்தது. விரலிடுக்கு மயிரைக் கத்தரியால் ஒட்ட வெட்டினேன். அவர் நாயின் தலைமேல் கம்பளியைப் போட்டு, இடது கையால் அதன் வாயைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஏ புள்ள, ஏ புள்ள" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அழுத்தினேன். சீழ் வந்தது, இரத்தம் வந்தது, அதற்குப் பின்னால் அரை விரல் நீளத்துக்கு ஒரு தேயிலைச் சிராய் வந்தது. அவர் பிடுங்கியதில் ஒடிந்து உள்ளே நின்றது. செவலை ஒரு சத்தம் போட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குப் பிறகு மனிதர்களிடம்தான் கேட்டிருக்கிறேன்.

அவர் "ம்" என்றார். ஒரே ஒரு ம்.

"கடிச்சிருச்சாண்ணே?"

"இல்ல தம்பி. பல்லு லேசா பட்டுச்சு." கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். "நீங்க வேலையப் பாருங்க."

நான் வேலையைப் பார்த்தேன். நான் வேலையைத்தான் பார்த்தேன். புண்ணைக் கழுவி, ஈரம் போக ஒற்றி, போரிக் பவுடர் தூவி, ஒவ்வொரு விரலுக்கு நடுவிலும் பஞ்சு வைத்து, ஒரு விரல் நுழைகிற தளர்ச்சியில் கட்டினேன். தினம் ஒரு தடவை அவிழ்த்துக் கழுவ வேண்டும், நனையக் கூடாது, நக்க விடக் கூடாது என்று பாடம்போல் ஒப்பித்தேன். ஒரு காயத்துக்கு இவ்வளவு செய்தேன். எதிரே ஒரு கை கம்பளிக்குள் போய் வெளியே வராததைக் கேட்காமல் எழுந்து வந்தேன். கேட்டிருந்தால் பதில் தெரிந்துவிடும். தெரிந்தால், பெரட்டில் கேட்ட உத்தரவு எனக்கும் இருக்கிறது.

நனையக் கூடாது என்றால் ஊவா மலை மழைக்காலத்தில் எப்படி? அவர் கண்டுபிடித்தார். கமுக மட்டையை ஊறவைத்து, மடித்து, தும்புக் கயிற்றால் தைத்து, நாய்க்கு ஒரு செருப்புச் செய்தார். மட்டைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. லயமே கூடிவிட்டது. சிரித்துச் சிரித்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நாம செருப்ப மாட்டிக்கிட்டுத் தொர முன்னால போனா அன்னைக்குச் சம்பளத்துல பேர வெட்டிருவாரு" என்றாள் அடுத்த காம்பரா அக்கா. "இது போகுது பாரு, சீமாட்டி! ஏன்ணே, நாளைக்குக் கொடையும் புடிப்பீகளா?"

"மழ பேஞ்சா புடிக்கறேன்" என்றார்.

நக்காமல் இருக்க நான் ஒரு தகர வளையம் கேட்டிருந்தேன். அவர் காம்பராவுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னக் கொழுந்துக் கூடை. ஆணியில் மாட்டியே கிடந்த கூடை. யார் கூடை என்று அந்த லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு நின்றுபோனது. அவர் கவ்வாத்துக் கத்தியால் அதன் அடியை வட்டமாக அறுத்தெடுத்து, நாயின் கழுத்தில் மாட்டிக் கட்டினார். ஒரு கையால்தான் கட்டினார். கயிற்றின் மறுமுனையைப் பல்லால் இழுத்தார்.

ஒரு கையால் ஏன்? எல்லோரும் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாள்தோறும் கட்டு மாற்றப் போனேன். புண் சிவந்தது, பிறகு ரோஜா நிறமானது, ஓரத்திலிருந்து புதுத்தோல் வந்தது. செவலை அவர் குரலுக்குக் கூடையோடு தலையை ஆட்டி, மட்டைச் செருப்பு 'டொக், டொக்' என்று தட்ட வந்தது. அவர் முகத்தில் நான் பார்த்திராத ஒரு வெளிச்சம். "தெறந்ததுதான் சரி தம்பி" என்றார் ஒருநாள். "அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம்." எப்போது என்று நான் கேட்கவில்லை.

அவர் இடது கை முழுக்கத் தார். கவ்வாத்துக் காலத்தில் யார் கையில் தார் இல்லை?

ஒன்பதாம் நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. பெரிய மருந்தையா வந்திருந்த நாள், நல்லவேளையா கெட்டவேளையா தெரியவில்லை. நான் காம்பராவுக்குள் போனேன். கம்பளிக்குள் சுருண்டிருந்தார், முன்னால் விறகுக் கட்டை அடுக்கி. நாய் விறகுக்கு இந்தப் பக்கம் நின்று முனகிக்கொண்டிருந்தது. நான் விறகை இழுத்துப் போட்டேன். கையை எடுத்துப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே இரண்டு பல் இறங்கிய குழி, இரண்டையும் அடைத்துத் தார். அங்கிருந்து அக்குள்வரை தோலுக்கு அடியில் ஒரு சிவப்புக் கோடு.

"அண்ணே!"

"கத்தாதீங்க." உதடு வெடித்திருந்தது. "வெளிய ஆளு இருக்கும்."

"பல்லு பட்டுச்சுன்னுதான சொன்னீங்க?"

"பட்டுச்சுதான. நாந்தான் இறுக்கிப் புடிச்சேன். வலி தாங்காம பண்ணிருச்சு, அதுக்கு என்னா தெரியும்? சொன்னா சுட்டுப்புடுவாங்க தம்பி. அவ வளத்தது."

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. டவுனில் கையை எடுக்கப் பார்த்தார்களாம், அதற்குள் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது என்று ஒரு வாரத்தில் தகவல் வந்தது. செவலை ஆறு வருடம் இருந்தது, முதலில் அக்கா வீட்டிலும் பிறகு என்னோடும். முன்னங்காலை லேசாகத் தூக்கித்தான் நடக்கும். வெறியும் இல்லை ஒன்றும் இல்லை, யாரையும் அதற்குப் பிறகு கடித்ததில்லை. கிழடாகி, வெயிலில் படுத்தபடியே போனது. இனி அதை யாரும் சுட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

திறந்தது நான். திறக்காமல் விட்டிருந்தால் ஒரு நாய் போயிருக்கும். அன்று துண்டுக் காகிதத்தில் எழுதியதை வேறுமாதிரி எழுதியிருந்தால் டவுன் டாக்டர் வேறெதையாவது செய்திருப்பாரா? இதை நான் எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டுமென்றால் முதலில் அவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அவரை அனுப்பிய அந்தக் காலையைச் சொல்கிறேன். மாட்டுவண்டி மருந்தறை வாசலில் நின்றது. வைக்கோல் மேல் அவரைச் சாய்த்திருந்தார்கள். பெரிய மருந்தையா என்னிடம் காகிதத்தைத் தள்ளினார். பெயர், வயது, தோட்டம், காயம் எப்படி வந்தது. நான்தான் எழுத வேண்டும், டவுன் ஆஸ்பத்திரியில் காட்ட.

"எப்படிப் பட்டது?" என்றார் மருந்தையா.

"கவ்வாத்துக் கத்திங்க" என்றார் அவர், வண்டியிலிருந்து.

பக்கத்தில் நின்ற கங்காணி நம்பவில்லை. "கத்தியா? ஒன் கையிலயா? இருவது வருசமா ஒரு கீறல் இல்லாத கைடா அது! அதக் காட்டித்தான நா புது ஆளுகள ஏசுறேன்!"

"கவனமில்லைங்க. வழுக்கிருச்சு." தலையைத் தாழ்த்திக்கொண்டார். வெட்கப்பட்ட மாதிரி. உண்மையிலேயே வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

என் கை காகிதத்தின் மேல் நின்றது. அப்போது மட்டைச் செருப்பு தட்டுகிற சத்தம். செவலை வந்துவிட்டது, கூடை கழுத்தில் ஆட, வண்டிச் சக்கரத்தை முகர்ந்துகொண்டு. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

எழுதினேன்.

வண்டி நகர்ந்தது. நாயைக் கூடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முதல் வளைவு வரைக்கும் கூடவே நடந்தேன். வண்டிக்காரன் மாட்டை அதட்டிக்கொண்டிருந்தான், அவனுக்குக் கேட்காது. அவர் வலது கையால் வண்டியின் பக்கச் சட்டத்தைப் பிடித்து, தலையை வெளியே நீட்டினார்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேண்ணே."

"என்னான்னு?"

"கத்தின்னு."

கண்ணை மூடித் திறந்தார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். தொர கேப்பாரு, கங்காணி மறுபடி மறுபடி கேப்பாரு."

"சொல்றேண்ணே. நீங்க வந்துருங்க."

வண்டி வளைவில் திரும்பியது. மாடு நின்று நடக்கிற அந்த ஒரு நொடியில் அவர் சொன்னார்:

"யாரு கேட்டாலும் கத்திதான் தம்பி. நானே வந்து கேட்டாலும் கத்திதான்."